துணுக்கின் சாட்சியம்

தொண்டையிலிருந்து சதை எடுத்துச் சோதித்த அறிக்கை எதை வேண்டுமானாலும் எடுத்துப் பாருங்கள். புற்று இல்லை என்று அது வெறுமனே சொல்வதில்லை. அனுப்பிவைத்த திசுவில் இல்லை என்றுதான் சொல்லும். அந்த வரியைக் கையில் வாங்குகிறவர்கள் அதன் முதல் பாதியைப் படிப்பதில்லை. 'ஒண்ணுமில்லேன்னு வந்துருச்சு' என்று ஆஸ்பத்திரி வாசலிலிருந்தே ஊருக்குப் போன் போகிறது. அந்த ஆறுதலை யாரும் குறைசொல்ல முடியாது. சோறு இறங்காமல் காத்திருந்த குடும்பத்திடம் போய் முதல் பாதியைப் படியுங்கள் என்று சொல்வது கொடுமை. ஆனாலும், இரண்டு மூன்று மில்லிமீட்டர் துணுக்கு ஒன்று தான் வந்த இடம் முழுமைக்கும் சாட்சி சொல்ல முடியுமா என்கிற கேள்வி என்னைவிட்டுப் போக மறுக்கிறது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நம்மிடம் ஒரு கணக்கு இருக்கிறது. பானைக்கு அது சரியான கணக்குதான். ஒரே அரிசி, ஒரே தண்ணீர், அடியிலிருந்து மேலேவரை கொதி எல்லாவற்றையும் புரட்டிப் போடுகிறது. எந்தப் பருக்கையை நசுக்கினாலும் உலையின் நிலைமை தெரிந்துவிடும். தொண்டை அப்படிக் கலந்து வெந்த இடமில்லை. அங்கே அரை மில்லிமீட்டர் இறங்கினால் வேறு திசு, வேறு வேலை. இரண்டு மில்லிமீட்டர் தள்ளிப் போனால் நோயின் போக்கே வேறு. எந்தப் பருக்கையை எடுத்தோம், எந்த ஆழத்திலிருந்து எடுத்தோம் என்று கேட்காமல் பதம் பார்த்துவிட்டதாகச் சொல்ல அங்கே யாருக்கும் உரிமை கிடையாது.

தொண்டை என்று நாம் கழுத்தைத் தொட்டுக் காட்டும் இடத்துக்குள் பல இடங்கள் இருக்கின்றன. மூக்குக்குப் பின்னால் தொடங்கி, வாய்க்குப் பின்னால் இறங்கி, குரல்வளைக்குப் பின்புறமாகப் போய் உணவுக்குழாயில் முடிகிற தசைக்குழாய் ஒன்று. அதன் அடிப்பகுதியில் முன்பக்கமாக, குருத்தெலும்புக் கூட்டுக்குள் குரல்வளை. குரல்வளைக்கு இருபுறமும் உணவு வழுக்கிப்போகிற பள்ளங்கள் இரண்டு. அந்தப் பள்ளத்தில் புற்று முளைத்தால் நெடுநாள் அது இருப்பதே தெரியாது. கழுத்தில் நெறி கட்டிய பிறகோ, விழுங்கும்போது காதுக்குள் வலி குத்திய பிறகோதான் டாக்டரிடம் போவார்கள். தொண்டைக்கும் காதுக்கும் கிளைவிடுகிற நரம்பு ஒன்றே என்பதால் கீழே இருக்கும் நோவு மேலே காதில் கேட்கிறது. அதே புற்று பள்ளத்தை விட்டுச் சற்று உள்ளே, குரல் நாணின் விளிம்பில் முளைத்திருந்தால் சில வாரங்களிலேயே குரல் கம்மிப்போய்க் காட்டிக்கொடுத்துவிடும். நாணில் நிணநீர்க் குழாய்கள் மிகக் குறைவு என்பதால் கழுத்துக்குப் பரவவும் நாளாகும். ஒருவர் பிழைப்பதும் பிழைக்காததும் இப்படி ஒரு விரல்நுனி அகலத்துக்குள் தீர்மானமாகிறது. உடற்கூறு நூலில் இதைப் படிக்கும்போது இடப்பெயர்களின் பட்டியலாக இருக்கிறது. ஒரு நோயாளியின் முன்னால் நின்று யோசித்தால்தான் அந்தப் பெயர்களின் கனம் தெரிகிறது.

நாணுக்குள்ளேயே இறங்கிப் பார்ப்போம். மூச்சு போகும் பாதையில் பெரும்பகுதி, தூசியையும் சளியையும் தள்ளிவிடும் நுண்மயிர்கள் கொண்ட நெட்டைச் செல்களால் மூடப்பட்டிருக்கிறது. நாணின் விளிம்பிலோ தட்டையான செல்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. பேசும்போது ஆண்களுக்கு நொடிக்கு நூற்றுச் சொச்சம் தடவை, பெண்களுக்கு ஏறக்குறைய இருநூறு தடவை ஒன்றோடொன்று மோதிக்கொள்கிற இடத்துக்கு நுண்மயிர் தாங்காது. அந்தத் தட்டைச் செல்களின் காலடியில் மிக மெல்லிய அடித்தளச் சவ்வு. அதற்குக் கீழே நெகிழ்வான, கிட்டத்தட்டக் கூழாக இருக்கும் ஓர் அடுக்கு. அதற்கும் கீழே நார்கள் செறிந்த இணைநார், அதன்பின் தசை. அந்த நெகிழ்வான அடுக்கை ஃபிரீட்ரிக் ரைன்கெ என்ற ஜெர்மானிய உடற்கூறியலாளர் 1895இல் விவரித்தார், இன்றும் அது அவர் பெயரில்தான் அறியப்படுகிறது. 1974இல் ஜப்பானின் மினோரு ஹிரானோ, குரல் பிறக்கும் விதத்தை இந்த அடுக்குகளை வைத்தே விளக்கினார்: கீழே இறுகிய உடல், மேலே தளர்ந்த போர்வை, அந்தப் போர்வையின் மேல் ஓடும் அலைதான் குரல். ரைன்கெயின் அடுக்கில் தழும்பு விழுந்தால் போர்வை உடலோடு ஒட்டிக்கொள்கிறது, அலை நின்றுவிடுகிறது. அதன் பிறகு அந்த மனிதரிடம் மிஞ்சுவது காற்றோடு கலந்த கரகரப்பு. எனக்கு ஆறாத விஷயம் இதுதான். புற்றா இல்லையா என்ற கேள்விக்கும் விடை அதே ஆழத்தில்தான் இருக்கிறது. மாறிப்போன செல்கள் அடித்தளச் சவ்வுக்கு மேலேயே நின்றுகொண்டிருக்கின்றனவா, அதை உடைத்துக்கொண்டு அந்த நெகிழ்ந்த அடுக்குக்குள் இறங்கிவிட்டனவா என்று பார்க்கத்தான் சதை எடுக்கிறார்கள். உறுதி வேண்டுமென்றால் ஆழமாக எடுக்க வேண்டும். குரல் வேண்டுமென்றால் மேலோடு நிற்க வேண்டும். மயக்கம் கொடுத்து, வாய்வழியாக உலோகக் குழலை நுழைத்து நிறுத்தி, நுண்ணோக்கியில் கண் வைத்து, நீளக் காம்பும் நுனியில் சின்னக் கிண்ணமும் கொண்ட குறட்டால் கிள்ளும் அந்தக் கணத்தில், அறுவை மருத்துவர் இரண்டையும் ஒரே கையில் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

கிள்ளிய துணுக்கு ஃபார்மலின் புட்டிக்குள் போகிறது. தெரிந்த பேத்தாலஜி டாக்டர் ஒருவரின் ஆய்வகத்தில் அதன் பின்கதையை உட்கார்ந்து பார்க்க எனக்கு ஒருமுறை அனுமதி கிடைத்தது. ஃபார்மலின் நெடி கண்ணைக் கரிக்கிறது. புட்டியின் அடியில் கிடப்பதைச் சதை என்று சொன்னால்தான் தெரியும், வெளிறிய ஒரு துகள். துளைகள் கொண்ட சிறு பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைக்கும்போது அந்தத் துளைவழியே நழுவிவிடக் கூடாதென்று மெல்லிய காகிதத்தில் மடித்து வைக்கிறார்கள். வெள்ளை மெழுகுக்குள் போனால் காணாமல் போய்விடும் என்று முன்னதாகவே ஒரு சொட்டு இளஞ்சிவப்புச் சாயத்தைத் தொட்டு வைப்பதும் உண்டு. பிறகு அதிலுள்ள தண்ணீர் முழுவதையும் சாராயக் கரைசலில் வாங்கிவிட்டு, உருகிய மெழுகை உள்ளே இறக்குகிறார்கள். மெழுகில் பதிக்கும் அந்த நிமிடம்தான் என்னை உலுக்கியது. டெக்னீஷியன் பெண், சூடான இடுக்கியால் துகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து, கடைசியில் பக்கவாட்டில் நிறுத்தினார். 'மேல்தோல் ஒரு பக்கம், அடி ஒரு பக்கம் வரணும் சார். படுத்துடுச்சுன்னா போச்சு' என்றார். படுத்துவிட்டால் வெட்டு மேல்தோலைச் சாய்வாகச் சீவிக்கொண்டு போகும். எது மேல், எது கீழ், எது எதற்குள் இறங்கியது என்று எந்தப் பெரிய டாக்டராலும் பிறகு சொல்ல முடியாது. மில்லிமீட்டரில் ஆயிரத்தில் நான்கைந்து பங்கு கனத்தில் சீவிய மெழுகு ரிப்பன் வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கிறது. கண்ணாடித் தகட்டை அடியில் விட்டு அதைத் தூக்கி எடுக்கிறார்கள். சாயமேற்றினால் உட்கருக்கள் நீலமாகவும் மற்றவை இளஞ்சிவப்பாகவும் எழுந்து வருகின்றன. அந்த டாக்டர் எனக்குக் காட்டிய தகட்டில் மேல்தோல் தடித்து, கெரட்டின் ஏடு ஏடாகக் குவிந்து கிடந்தது. கீழே போகப் போக எதையோ எதிர்பார்த்துத் தகட்டை நகர்த்தினேன், திசு முடிந்துபோய் வெறும் வெள்ளை வெளிச்சம் வந்தது. 'அடியே வரல. அடி இல்லாம நான் என்னன்னு சொல்றது?' என்றார் அவர். அதற்கு அவர் எழுதப்போகிற அறிக்கை எனக்கு அப்போதே தெரிந்தது.

அடி வராத திசுவுக்கு ஒரு பேரரசே காத்துக்கிடந்த கதை இருக்கிறது. 1887 ஜனவரியில் ஜெர்மனியின் பட்டத்து இளவரசர் ஃபிரெடெரிக்குக்குக் குரல் கம்மியது. மார்ச் மாதம் பெர்லின் பேராசிரியர் கார்ல் கெர்ஹார்ட் தொண்டைக்குள் கண்ணாடி விட்டுப் பார்த்து, இடது குரல் நாணில் சிறு வளர்ச்சி ஒன்றைக் கண்டார். முதலில் கம்பி வளையத்தால் எடுக்கப் பார்த்தார், முடியவில்லை. பிறகு மின்சாரத்தால் பழுக்கக் காய்ச்சிய பிளாட்டினக் கம்பியால் பல அமர்வுகளில் சுட்டார். சுட்டும் அது வளர்ந்தது. எம்ஸ் நகரின் ஊற்றுநீருக்கு அனுப்பிவைத்தார்கள். திரும்பி வந்தபோது வளர்ச்சி பெரிதாகியிருந்தது, இடது நாணின் அசைவும் மந்தப்பட்டிருந்தது. அறுவை நிபுணர் எர்ன்ஸ்ட் ஃபோன் பெர்க்மன், குரல்வளையை வெளியிலிருந்து பிளந்து அதை அகற்றுவதென்று முடிவெடுத்தார். 1873இன் கடைசி நாளில்தான் வியன்னாவில் பில்ராத் முதன்முதலாகப் புற்றுக்காகக் குரல்வளையை முழுவதுமாக எடுத்திருந்தார். அன்றைய நிலையில் குரல்வளையைத் திறக்கும் எந்த அறுவையிலும் உயிரோடு எழுவதற்கே உத்தரவாதமில்லை. நோயாளியிடம் விவரம் சொல்லாமலேயே மயக்கம் கொடுத்து அறுக்க மருத்துவர்கள் தயாராக இருந்தார்கள் என்றும், தானே அதைத் தடுத்ததாகவும் ஜெர்மனியின் சான்சலர் பிஸ்மார்க் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். இந்த நிலையில்தான் மே 20ஆம் தேதி லண்டனிலிருந்து மொரெல் மெக்கன்சி வந்து சேர்ந்தார். தொண்டை நோய்களில் அன்று ஐரோப்பா முழுக்க அறியப்பட்ட பெயர். புற்று என்று நுண்ணோக்கி சொல்லாமல் கத்தி எடுக்கக் கூடாது என்றார். மறுநாளே வாய்வழியாகக் குறடு விட்டு ஒரு துணுக்கை எடுத்து, ருடால்ஃப் விர்ஹோவிடம் அனுப்பினார்கள்.

விர்ஹோவைவிடத் தகுதியான கண்கள் அன்று உலகத்தில் இல்லை. நோய் என்பது செல்லில்தான் தொடங்குகிறது என்று 1858இல் நூலெழுதி, மருத்துவத்தையே திருப்பிப் போட்டவர். அவர் பார்த்தார், புற்று இல்லை என்றார். ஜூனில் இன்னொரு துண்டு போனது. தடித்துப்போன மேல்தோல், மருவைப் போல எழும்பிய வளர்ச்சி என்று எழுதினார். வெட்டுப்பட்ட விளிம்பில் திசு நலமாகத் தெரிவது நம்பிக்கை தருகிறது என்றார். நோய் முழுமைக்கும் இந்த முடிவு பொருந்துமா என்பதை இந்தத் துண்டுகளை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது என்ற பொருளிலும் சேர்த்து எழுதினார். அந்தச் சேர்க்கையை யார் படித்தார்கள்? விர்ஹோவே இல்லையென்று சொல்லிவிட்டார் என்றுதான் அரண்மனையிலும் ஊரிலும் பேச்சு. நம் ஆஸ்பத்திரி வாசலில் நடக்கிற அதே விஷயம் அங்கும் நடந்தது. பெர்க்மனின் அறுவை கைவிடப்பட்டது. ஃபிரெடெரிக் லண்டன் போய் மாமியார் விக்டோரியா மகாராணியின் பொன்விழா ஊர்வலத்தில் குதிரையேறி வந்தார். செப்டம்பரில் மெக்கன்சிக்கு சர் பட்டம் கிடைத்தது. நவம்பரில், இத்தாலியின் சான் ரெமோவில், பழைய இடத்துக்குக் கீழே புதிய வளர்ச்சி தெரிந்தது. இந்த முறை எல்லா மருத்துவர்களும் ஒரே சொல்லைச் சொன்னார்கள். குரல்வளையை எடுக்க ஃபிரெடெரிக் சம்மதிக்கவில்லை. 1888 பிப்ரவரி 9ஆம் தேதி, மூச்சு அடைத்துக்கொண்டு வந்தபோது, பெர்க்மனின் உதவியாளர் பிராமன் கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைத்தார். ஒரு மாதம் கழித்துத் தந்தை இறக்க, பேச முடியாத ஒருவர் பேரரசரானார். ஆணையும் கேள்வியும் வேதனையும் எல்லாமே காகிதத் துண்டுகளில் எழுதிக்காட்டப்பட்டன. 99 நாள் ஆட்சி. ஜூன் 15ஆம் தேதி பாட்ஸ்டாமில் இறந்தார், வயது 56. மறுநாள் நடந்த சவப் பரிசோதனையில் விர்ஹோவும் இருந்தார். இப்போது அவர் முன்னால் இருந்தது துணுக்கு இல்லை. புற்று தின்று தீர்த்த குரல்வளை முழுவதும் இருந்தது.

ஃபிரெடெரிக் பிழைத்திருந்தால் ஐரோப்பாவின் வரலாறு மாறியிருக்கும் என்று பேசுகிறவர்கள் நிறைய. எனக்கு அதில் ஈடுபாடில்லை. அந்த மே மாதத்துத் துணுக்கில் என்ன இருந்தது என்பதிலேயே மனம் சுற்றுகிறது. 1948இல் அமெரிக்க நோய்க்கூறியலாளர் லாரன் அக்கர்மன், மருவைப் போன்ற ஒருவகைப் புற்றை விவரித்தார். வாயில் அதிகம் வரும், குரல்வளையிலும் வரும். அதன் செல்களைத் தனித்தனியாகப் பார்த்தால் ஏறக்குறைய ஒழுங்கானவை. மேலே கெரட்டின் குவிந்த தடித்த மடிப்புகள். கெடுதல் முழுவதும் அடியில் நடக்கிறது: அகன்ற கால்களை ஊன்றிக்கொண்டு, கீழே உள்ள திசுவை மெல்ல நெருக்கித் தள்ளி இறங்குகிறது. மேலே கிள்ளிய துணுக்கை எத்தனை முறை பார்த்தாலும் சாதாரணத் தடிப்பு என்றுதான் வரும். ஃபிரெடெரிக்குக்கு இருந்தது இந்த வகைதான் என்று பின்னாளில் பலர் வாதிட்டிருக்கிறார்கள், மறுத்தவர்களும் உண்டு. எந்த வகையாக இருந்தாலும், விர்ஹோ பொய் சொல்லவில்லை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கையில் கொடுத்ததைச் சரியாகப் படித்தார், தன் பார்வையின் எல்லையையும் எழுதிவைத்தார். மெக்கன்சி விதித்த நிபந்தனையையும் என்னால் குற்றம் சொல்ல முடியவில்லை. நிரூபணமில்லாமல் ஒருவரின் குரலைப் பறிக்கக் கூடாது என்பது இன்று நாம் எல்லோரும் ஒப்புக்கொண்ட நியாயம். தவறு, நிரூபணம் கிடைக்காததை நோய் இல்லாததாக எடுத்துக்கொண்டதில் இருக்கிறது. அந்தச் சறுக்கல் மெக்கன்சியோடு முடிந்துவிடவும் இல்லை.

இதற்கு எதிர்த்திசையிலும் ஏமாற்றம் உண்டு, அதைச் சொல்லாவிட்டால் பயாப்ஸி எனப்படும் இந்தச் சதைச் சோதனையின் மீது அநியாயமான அவநம்பிக்கையை விதைத்தவனாவேன். காசநோய் குரல்வளையில் வரும்போது பார்வைக்கு அசல் புற்று. நம் நாட்டில் அது இன்னும் தீராத நோய். புண்ணும் தடிப்புமாக இருப்பதைப் பார்த்து அனுபவசாலி டாக்டரின் முகமே சுருங்கும். துணுக்கு போய், தகட்டில் பல உட்கருக்கள் கொண்ட பெரிய செல்களும் சிறுமணி முடிச்சுகளும் தெரிந்தால் கதை மாறிவிடுகிறது: கத்தி வேண்டாம், கதிர்வீச்சு வேண்டாம், மாத்திரைகளை விடாமல் சாப்பிட்டால் போதும். ஒருவரின் குரலையும் உயிரையும் இப்படித் திருப்பிக் கொடுக்கிற வல்லமை வேறெந்தச் சோதனைக்கு இருக்கிறது? அதனால்தான், 'கத்தி பட்டா பரவிடும், சதை மட்டும் எடுக்க விட்ராதீங்க' என்று கல்யாண வீட்டிலும் எழவு வீட்டிலும் காதோடு சொல்லப்படுகிற அறிவுரையைக் கேட்கும்போது எனக்கு நெஞ்சு பதைக்கிறது. தொண்டையில் கிள்ளி எடுப்பதால் புற்று கிளம்பி ஓடுவதில்லை. கிள்ளாமல் விட்ட மாதங்களில்தான் அது ஓடுகிறது. எங்கள் பெரியப்பா அந்த அறிவுரையை நம்பி எத்தனையோ நாள் பனங்கற்கண்டும் மிளகும் மென்றுகொண்டு திரிந்தார். கடைசியில் சதை எடுத்தார்கள், இல்லை என்று வந்தது. குரல் தெளியவில்லை என்பதால் மறுபடி, இன்னும் ஆழமாக எடுத்தார்கள். அதிலும் இல்லை. இப்போதும் மாதங்கள் இடைவெளிவிட்டுக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்க்கிறார்கள். 'இல்லேன்னு ரெண்டு தடவ எழுதிக் குடுத்துட்டு எதுக்குப்பா கூப்புட்டுக்கிட்டே இருக்காங்க?' என்று என்னிடம் கேட்டார். அவர் முகத்தில் சந்தேகம் படர்வதைப் பார்த்துக்கொண்டே, கூப்பிடுகிற டாக்டர்தான் நல்ல டாக்டர், பெரியப்பா என்று சொன்னேன். பயமுறுத்தாமல் அதற்குமேல் சொல்லத் தெரியவில்லை. இல்லை என்ற பதிலோடு வாழ்வதற்கு ஆமாம் என்ற பதிலோடு வாழ்வதைவிட வேறுவிதமான பொறுமை வேண்டியிருக்கிறது. அந்தப் பொறுமையை நோயாளிக்கு யாரும் கற்றுக்கொடுப்பதில்லை.

கெர்ஹார்ட் கண்ட ஒன்றுக்குத் திரும்பி வர வேண்டியிருக்கிறது. நாணின் அசைவு மந்தப்பட்டிருந்தது என்றேன். இன்று குரல்வளைப் புற்றின் கட்டத்தைக் கணக்கிடும்போது முதலில் கேட்கப்படும் கேள்விகளில் ஒன்று அது. நாண் இயல்பாக அசைந்தால் ஒரு கட்டம், மந்தமாக அசைந்தால் அடுத்தது, அசையாமல் நின்றுவிட்டால் அதற்கும் அடுத்தது. வளர்ச்சி மேல்தோலோடு நின்றிருந்தால் நாண் தாராளமாகத் திறந்து மூடும். தசைக்குள்ளோ மூட்டுக்குள்ளோ இறங்கிவிட்டால்தான் தடுமாறும். ஆக, எந்தத் துணுக்கும் சொல்லாத ஆழத்தை அந்தத் தடுமாற்றம் ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருந்தது. உயிருள்ள தொண்டைக்குள் கண்ணாடி விட்டுப் பார்த்தவருக்கு மட்டுமே அது தெரியும். வெட்டி எடுத்த திசுவில் அசைவு கிடையாது, எனவே விர்ஹோவின் தகட்டில் அது வர வழியே இல்லை. தொண்டைக்குள் பார்க்கும் அந்தக் கண்ணாடி வித்தையை 1854இல் கண்டடைந்தவர் மானுவேல் கார்சியா என்ற பாட்டு வாத்தியார். பாடும்போது நாண்கள் என்ன செய்கின்றன என்று அறிய ஆசைப்பட்டு, வெயிலைக் கண்ணாடியில் திருப்பித் தன் தொண்டைக்குள்ளேயே விட்டுப் பார்த்தவர். அவர் தேடியது முழுக்க முழுக்க அசைவைத்தான். கண்ணாடி ஒரு பாதியையும் நுண்ணோக்கி மறுபாதியையும் வைத்திருந்த, ஃபிரெடெரிக் நோயுற்ற அந்தக் காலத்தில், கண்ணாடி வைத்திருந்தவர்கள் நாட்டுப் பெருமைக்காகவும் தொழில் பெருமைக்காகவும் ஒருவரையொருவர் தூற்றிக்கொண்டிருந்தார்கள். மெக்கன்சி, நலமாக இருந்த வலது நாணைக் கிள்ளிக் காயப்படுத்திவிட்டார் என்று கெர்ஹார்ட் தரப்பு குற்றம் சாட்டியது. பெர்க்மனின் கை தவறியதால்தான் கழுத்துக் குழாய் வழி மாறிப்போனது என்று மெக்கன்சி நூலே எழுதினார். அதற்காக லண்டனில் அவருக்குக் கண்டனமும் கிடைத்தது.

இன்றைக்கு இரண்டும் ஒரே கட்டடத்தில் இருக்கின்றன. ஆனால் பேத்தாலஜி டாக்டர் என்னிடம் எடுத்துக் காட்டிய விண்ணப்பத் தாள்கள் மனத்தை வாட்டின. எந்தப் பக்கம், எந்த இடம், வளர்ச்சி எப்படித் தெரிந்தது, எவ்வளவு ஆழம் கிள்ளப்பட்டது, குரல் எத்தனை நாளாகக் கம்மியிருக்கிறது என்று எழுத வேண்டிய கட்டங்களில் பல வெறுமையாகவே இருந்தன. 'தொண்டைக் கட்டி' என்ற ஒற்றைக் குறிப்போடு துணுக்கு வந்திருக்கிறது. வேலை நெருக்கடி எனக்குப் புரியாமல் இல்லை. வெளிநோயாளிகள் வரிசை வராந்தாவைத் தாண்டி நிற்கும்போது ஒருவர் எவ்வளவுதான் எழுதுவார். ஆனாலும் அந்தத் துணுக்கோடு அதைப் பார்த்த கண்ணும் சேர்ந்து வர வேண்டும் என்று கேட்க நோயாளிக்கு உரிமை இருக்கிறது, அப்படி ஓர் உரிமை இருப்பது அவருக்குத் தெரியாவிட்டாலும். நான் அங்கே உட்கார்ந்திருந்த அன்று, அடி வராத அந்தத் தகட்டை இறக்கிவைத்துவிட்டு அவர் ஈ.என்.டி. பிரிவுக்குப் போன் போட்டார். பெயர், நம்பர் எல்லாம் சொல்லிவிட்டு முதலில் கேட்டது, 'அந்தப் பேஷண்டுக்கு நாண் அசையுதா?' என்றுதான். மறுமுனையில் இருந்தவர் கேஸ் ஷீட்டைப் பார்த்துச் சொல்கிறேன் என்றார். வைக்காமல் அப்படியே காத்திருக்கிறேன் என்றார் இவர்.